பினாங்குத் தாத்தாவைத் தேடியது எப்படி? பழைய குடும்ப ஆவணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பாவின் சித்தப்பா ஒருவர் 1930களில் மலாயாவுக்குக் கப்பலேறினார். வீட்டில் எல்லாருக்கும் அவர் "பினாங்குத் தாத்தா". சொந்தப் பெயரைக்கூட பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். அவர் என்ன ஆனார் என்று தேட ஆரம்பித்து, ஏழு வருடம் கழித்து அவருடைய பேத்திகளைக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் தங்கள் வீட்டில் காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை எழுதுகிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

வீட்டுப் பரணிலிருந்து. ஆவணக் காப்பகம், இணையம் எல்லாம் அப்புறம். டிரங்குப் பெட்டி, பீரோவின் அடித்தட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகிய காகிதம், பழைய பஞ்சாங்கத்தின் நடுப்பக்கம், இதெல்லாம் முதலில். சாதகக் குறிப்பு, பத்திர நகல், மணியார்டர் துண்டு, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, பள்ளிச் சான்றிதழ், கருமாதிப் பத்திரிகை என்று எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். போட்டோவாக இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும்.

முக்கியமான ஒன்று: பெயரைத் துரத்தாதீர்கள், ஊரைத் துரத்துங்கள். நம் ஆட்களின் பெயர் காகிதத்துக்குக் காகிதம் மாறும். ஊர் அப்படி மாறாது. தாலுகாவும் ஜில்லாவும் கையில் இருந்தால் ஆளை எப்படியாவது நெருங்கிவிடலாம். வெறும் "முருகன், த/பெ கந்தன்" என்பதை வைத்துக்கொண்டு எந்த ஆவணத்துக்குள்ளும் நுழைய முடியாது.

வீட்டில் ஒரு காகிதமும் இல்லையே?

குலதெய்வம் எது என்று கேளுங்கள். நான்கு தலைமுறைக்கு முன்பு ஊரை விட்டு வந்த குடும்பமும் முடி இறக்கவும் காது குத்தவும் அந்தக் கோயிலுக்குத்தான் போகும். குலதெய்வம் இருக்கும் ஊர் பெரும்பாலும் பூர்விக ஊராகவோ, அதற்குப் பக்கத்து ஊராகவோ இருக்கும். பூசாரி குடும்பத்துக்கு எந்தெந்த வகையறா வரி கொடுக்கிறது என்பது அத்துபடி. வரி நோட்டும் அவர்களிடம் இருக்கும். கோயில் சுவரிலோ மணியிலோ உபயதாரர் பெயர் வெட்டியிருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியிடம் கேட்டால் "தெரியாது" என்கிறார். என்ன செய்வது?

பல சமயம் தெரியாமல் இல்லை, சொல்லக் கூடாது என்றுதான் சொல்ல மாட்டார்கள். புருஷன் பெயர், மாமனார் பெயர், கொழுந்தனார் பெயர் எதையும் வாயால் சொல்லாத தலைமுறை அது. "தாத்தா பேரு எந்தச் சாமி பேரு?" என்று கேளுங்கள். "வேலெடுத்த சாமி" என்பார்கள், "பழனியிலே நிக்கிறவர்" என்பார்கள். வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவரிடமும் எங்கள் பாட்டி அப்படித்தான் சொன்னாராம்.

இதிலிருந்து இன்னொரு சிக்கலும் வரும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். "பெயரன்" என்பதுதான் பேரன் ஆயிற்று என்பார்கள். ஆனால் மாமனார் பெயரை வைத்துப் பிள்ளையைக் கூப்பிட மருமகளால் முடியாது. அதனால் வீட்டில் "ஐயா", "துரை", "ராசு" என்று வேறு பெயர் ஓடும். ஊர் வாயில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர் என்று மூன்று பேர் போலத் தெரிபவர் ஒரே ஆளாக இருக்கலாம். ஒரே பெயரில் இருக்கும் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக நினைத்து ஒரு தலைமுறையையே விட்டுவிடுவதும் நடக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் வயதையும் மனைவி பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேட்கும்போது போனில் பதிவு செய்யுங்கள். குடும்ப மரம் வரைந்து காட்டி விளக்கம் கேட்பதைவிட, "உங்க கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க? யார் கோபிச்சுக்கிட்டு வரல?" என்று கேளுங்கள். வராதவர்களின் பெயரும், எந்த ஊரில் இருந்தார்கள் என்பதும் சேர்ந்தே வரும்.

மொய் நோட்டால் என்ன பயன்?

என் தேடல் திரும்பியதே ஒரு மொய் நோட்டில்தான். 1963இல் எங்கள் அத்தை கல்யாணத்து நோட்டு. முனையில் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் தாய்மாமன் பெயர். அதற்குக் கீழே ஊர் ஊராகப் பிரித்து எழுதியிருந்தார்கள். யார் யாருக்கு எந்த ஊரில் சம்பந்தம் என்று அதிலேயே தெரிந்தது. ஐந்தாவது பக்கத்தில் ஒரு வரி: "சு. பட்டாணி, கையில் – 11 ரூ." சு என்பது தலைப்பெழுத்து, பட்டாணி என்று ஒரு ஆள் என்றுதான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் மலேசியா வரைபடத்தைப் பார்த்தபோது பொறி தட்டியது. கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி என்றே ஓர் ஊர் இருக்கிறது. பினாங்குத் தாத்தா பினாங்கில் இல்லை. இறங்கிய துறைமுகம் பினாங்கு, அவ்வளவுதான். அங்கிருந்து வந்த யாரோ ஒருவர் கையில் 11 ரூபாய் கொடுத்தனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் 1963 வரை அவர் உயிரோடு இருந்திருக்கிறார், இங்கே கல்யாணம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் மொய் நோட்டில் உங்களுக்குப் புரியாத வரியைத்தான் அதிக நேரம் பாருங்கள்.

பத்திரங்களில் எதைத் தேட வேண்டும்?

முதலில் பாகப் பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் தகப்பனார் பெயர், வயது, இருப்பிடத்தோடு அதில் வருவார்கள். இறந்துபோனவரின் வாரிசும் வருவார். வெளிநாட்டில் இருப்பவருக்கு என்று ஒதுக்கிய பங்கும் சில பத்திரங்களில் இருக்கும். அடுத்தது விடுதலைப் பத்திரம். அக்கா தங்கைகள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பார்கள்.

எந்தப் பத்திரமானாலும் நான்கு எல்லை விவரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். "கிழக்கே இன்னார் புஞ்சை, தெற்கே இன்னார் நஞ்சை" என்று வரும் பக்கத்து நிலக்காரர்களில் பலர் பங்காளிகள்தான். ஒரே நிலம் தலைமுறை தலைமுறையாகத் துண்டானதை எல்லைகளை வைத்தே பின்னோக்கிப் படிக்கலாம். கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மச்சான், மாமன் முறைக்காரர்கள் அங்கே இருப்பார்கள்.

பத்திரம் கையில் இல்லாவிட்டால், அந்த ஊருக்கு உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடல் மனு போடலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சான்றிட்ட நகலும் வாங்கலாம். ஆள் பெயர்ப்படி ஓர் அட்டவணையும் சொத்துப்படி ஓர் அட்டவணையும் இருக்கும். சர்வே எண் தெரிந்தால் சொத்து அட்டவணையிலேயே தேடுங்கள், ஏனென்றால் பெயர் ஏமாற்றும். உயில் ஏறும் 3ஆம் புத்தகம் எல்லாருக்கும் திறந்ததல்ல.

பழைய பத்திரத்தில் எழுத்தே புரியவில்லை. வளைந்து வளைந்து ஏதேதோ குறிகள்.

ஒரு வாரம் உட்கார்ந்தால் பழகிவிடும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். தமிழ் எண்ணில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௯௱௰௨ என்று இருந்தால் ஆயிரம், ஒன்பது நூறு, பத்து, இரண்டு. அதாவது 1912. ௧ என்பது 'க' போலவும், ௨ என்பது 'உ' போலவும், ௭ என்பது 'எ' போலவும், ௮ என்பது 'அ' போலவும் இருப்பதால் எண்ணை எழுத்தாகப் படித்துவிடுவது சகஜம். ஒரே பத்திரத்தில் தெளிவாகத் தெரியும் "ரூபாய்", "குமாரர்" போன்ற சொற்களை முதலில் பிடித்து, அந்தக் கை எப்படி வளைகிறது என்று பார்த்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள். ஊரில் பழைய பத்திர எழுத்தர் யாராவது இருந்தால் அரை மணி நேரத்தில் படித்துச் சொல்லிவிடுவார்.

"தாது வருஷம் பிறந்தவர்" என்று எழுதியிருக்கிறது. அது எந்த ஆண்டு?

தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். தாது என்றால் 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம், சித்திரையில் ஆரம்பித்து அடுத்த பங்குனி வரை. எந்தச் சுற்று என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரபவ 1867, 1927, 1987 என்று நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதை எண்ணிவிடலாம்.

"தாது வருஷப் பஞ்சத்துல போனவங்க" என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 1876–78 பெரும்பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள், பிழைத்தவர்களில் பலர் கப்பலேறினார்கள்.

பசலி ஆண்டு (நில வரிக் கணக்குக்கான ஆண்டு) எழுதியிருந்தால் 590ஐக் கூட்டுங்கள். பசலி 1350 என்பது 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஏடுகளில் கொல்லம் ஆண்டு வரும். அதனுடன் 824 அல்லது 825ஐக் கூட்டுங்கள், மாதத்தைப் பொறுத்து.

பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். சேர்க்கும் அன்று வாத்தியார் போட்ட தேதியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நேட்டால் (தென்னாப்பிரிக்கா), மொரீஷியஸ், ஃபிஜிக்குப் போனவர்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களை முடியும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குப் போயிருக்கிறார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே 1860களிலிருந்து கூலிகளைப் புகைப்படம் எடுக்க ஆரம்பித்ததால், கொள்ளுத்தாத்தாவின் முகத்தையே பார்த்தவர்கள் உண்டு. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல்தான் கப்பல் போனது. அவர்களுடைய குடிபெயர்வுச் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

தேடும்போது எழுத்துக்கூட்டல்தான் பெரிய தடை. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். அங்கே போனபின் முதலியார் 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், நாயுடு 'நைடூ' ஆனார். ஊர்ப் பெயரும் அப்படித்தான் சிதைந்திருக்கும். வாய்விட்டு நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும். பழைய ஜில்லா எல்லையையும் கவனியுங்கள். வடஆற்காடு என்று எழுதியிருக்கும் கிராமம் இன்று ஆந்திரத்தின் சித்தூரில் இருக்கலாம். 1911 வரை அந்தப் பகுதி வடஆற்காட்டில்தான் இருந்தது.

மலாயாவுக்கும் இலங்கைக்கும் அப்படிப் பட்டியல் இல்லையா?

மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போன பலர், ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியோடு போனவர்கள். நேட்டால் போல ஆளுக்கொரு ஒப்பந்தமும் எண்ணும் இட்ட பட்டியலைக் கங்காணி முறையில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த முறையிலேயே வேறொரு வழி இருக்கிறது. கங்காணி தன் சொந்த ஊரிலும் சுற்று ஊர்களிலும்தான் ஆள் கட்டினார். அதனால் ஒரு தோட்டத்தில் ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாக இருப்பார்கள். உங்கள் ஆளைத் தேடாமல், உங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊரிலிருந்தும் யார் யார் அதே காலத்தில் போனார்கள் என்று விசாரியுங்கள். நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். எங்கள் ஊருக்கு மூன்று மைலில் இருக்கும் ஊரில், சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு 'ரஜுலா' கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கிய ஒரு பெரியவர் இருந்தார். "ஓ, கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து லயம்" (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் நாலு வருடம் அலைந்திருக்கிறேன்.

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு. மரண அறிவித்தல்களைப் படியுங்கள். பிள்ளைகளின் பெயரும் சொந்த ஊரும் சேர்ந்து வரும் இடம் அது.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த குடும்பமென்றால் குடும்ப அட்டையையும் பாஸ்போர்ட்டையும் தேடுங்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஒல்லாந்தர் காலத் தோம்பு ஏடுகள் வரைக்கும் போக வாய்ப்பு உண்டு. காணியோடு ஆட்களையும் எழுதிய ஏடுகள் அவை.

1941க்குப் பிறகு கடிதமே வரவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் செத்துப்போனார் என்று முடிவு செய்துவிடலாமா?

உடனே முடிவு செய்யாதீர்கள். 1941 டிசம்பரிலிருந்து 1945 வரை மலாயாவிலிருந்து தபால் வரும் வழியே அடைபட்டது. யாருக்கும்தான் வரவில்லை. ஆனால் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது, இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. எனக்கு இது ஆறாத வருத்தம். உங்கள் ஆள் அந்தப் பாதைக்குப் போனாரா என்பதை அதே தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள்தான் சொல்ல முடியும். அவர்களுக்கும் வயதாகிவிட்டது. இந்தக் கேள்வி உங்கள் வீட்டில் இருந்தால், வேறு எதையும் விட இதை முதலில் விசாரியுங்கள்.

கொள்ளுப்பாட்டியின் பெயர் எங்கேயுமே இல்லையே?

"இன்னார் பெண்சாதி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போன காலம் அது. பிறந்த வீட்டுப் பக்கம் போய்த் தேடுங்கள். தாய்மாமன் வீட்டு மொய் நோட்டு, அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம், விதவைக்கு ஜீவனாம்சமாக விட்ட நிலம், நகை அடகுச் சீட்டு, இவற்றில் அவர் சொந்தப் பெயரோடு இருப்பார். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு மகள்களும் வாரிசானதால், அதற்குப் பிந்தைய பத்திரங்களில் பெண்களின் பெயர்கள் நிறைய வர ஆரம்பிக்கின்றன. 1960களின் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு மகளைப் பிடித்தால், அவர் வழியாக அம்மா பெயருக்குப் போய்விடலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாமா?

முடியாது. நம் நாட்டில் தனியாள் விவரங்கள் ரகசியம், பொதுமக்கள் பார்வைக்கு வராது. அதற்குப் பதில் பழைய வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். வீட்டு எண், தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது மூன்றும் ஒரே வரியில் இருக்கும். பிறப்பு, இறப்பு ஏடுகளும் உண்டு. ஆனால் பழைய பிறப்புப் பதிவுகளில் பெயர் வைக்கும் முன்பே எழுதியதால் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கலாம். அப்பா பெயரையும் தெருவையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு நல்ல வழி, ஞானப்பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பிரெஞ்சுக்காரர் வைத்த சிவில் பதிவேடுகளைப் பார்க்கலாம். பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் காப்பகம் அவற்றில் பலவற்றை இணையத்திலேயே வைத்திருக்கிறது.

டிஎன்ஏ சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

உதவும், ஆனால் நம் குடும்பங்களில் அது காட்டும் உறவு முறையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியவர்கள் நாம். தூரத்துச் சொந்தமும் கிட்டத்து உறவு போலக் காட்டும். கையில் ஊரும் பெயரும் இருந்து, அதை உறுதிப்படுத்த வேண்டுமானால் செய்யுங்கள்.

சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். போய் எப்படிப் பேசுவது?

நிலப் பங்கு கேட்க வந்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றால் கதவு சாத்தப்படும். எனக்கே ஒரு வீட்டில் அப்படி நடந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் முறை பழைய போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ஊரில் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. இரண்டாம் தாரம், தத்து, சாதி மாறிய கல்யாணம் என்று அவர்கள் மூடி வைத்திருக்கும் விஷயம் உங்கள் காகிதத்தில் இருந்தால், அதை அங்கே எடுத்துப் போடாதீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். அது அவர்களுடைய அம்மா அப்பா கதை. சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு.

பினாங்குத் தாத்தாவின் பேத்திக்கு நான் அனுப்பியது அந்த மொய் நோட்டின் ஐந்தாம் பக்கத்துப் படம் மட்டும்தான். "நான் உங்கள் பெரிய தாத்தாவின் பேரன்" என்று ஒரு வரி சேர்த்தேன். மூன்று நாள் பதிலே இல்லை. நாலாம் நாள் ஒரு படம் வந்தது. 1963இல் எங்கள் கொள்ளுப்பாட்டி யாரையோ எழுதச் சொல்லி அனுப்பிய கடிதம், மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. "நீ அனுப்பிய பதினோரு ரூபாய் வந்து சேர்ந்தது. பணம் வேண்டாம், நீ ஒரு தரம் வந்து போ" என்று இருந்தது.